மண் மூடுபடை: நிலக்கரிக் கழிவிலிருந்து கிணற்றைக் காத்தல்

சுரங்கக் கழிவை மண்ணால் மூட நினைப்பவர் முதலில் அந்த இடத்து மழையைப் படிக்க வேண்டும். மண்ணின் கனம், களியின் தரம், புல்லின் வகை எல்லாம் அதற்குப் பிறகுதான். மழையைப் பார்க்காமல் போட்ட மூடுபடை சில ஆண்டுகள் பச்சையாக நின்று எல்லோரையும் நம்பவைக்கும். அதே காலத்தில் அடியில் கசிவு தொடங்கியிருக்கும்.

திருகோணமலை மாவட்டத்துக் கரையோர ஊரான எங்கள் இறக்கக்கண்டியின் மழை எப்படிப்பட்டது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தரத் தேவையில்லை. ஐப்பசி பிறந்தால் மாரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர் பெய்வதில் பெரும்பங்கு தைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு வைகாசி தொட்டுப் புரட்டாதி வரை கச்சான் காற்று அடித்து, நிலத்தில் இருக்கும் கடைசி ஈரத்தையும் உறிஞ்சும். நாலு மாதம் வெள்ளம், நாலைந்து மாதம் வெடிப்பு. இந்த இரண்டையும் தாங்கும் மூடுபடை எப்படி இருக்க வேண்டும் என்பதே இந்த அத்தியாயம்.

இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லையே, இது எமக்கு எதற்கு என்று கேட்கலாம். நுரைச்சோலையில் 900 மெகாவாட் மின்நிலையம் கப்பலில் வரும் நிலக்கரியை எரிக்கிறது. அதன் சாம்பலை எங்காவது வைத்துத்தான் ஆக வேண்டும். எங்கள் மாவட்டத்திலேயே சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டு, 2016 இல் கைவிடப்பட்டது. கற்குவாரிக் கழிவு, கிரவல் அகழ்ந்த குழி, குப்பைமேடு ஆகியவற்றை மூடும்போதும் இதே விதிகள்தாம் வேலை செய்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, கரையோர மணலுக்கு அடியில் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையைத்தான் எமது கிணறுகள் நம்பியிருக்கின்றன. மணலில் ஊறும் எதையும் தடுக்க இடையில் களி கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவர், கழிவு மேடு ஒன்றை ஒழுங்காக மூடினார்களா என்று பார்த்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

கழிவு ஏன் நஞ்சாகிறது

நிலக்கரிப் படையோடு சேர்ந்து வரும் மாக்கல்லிலும் களியிலும் பைரைட்டு என்னும் இரும்புச் சல்பைட்டு இருக்கும். நிலத்துக்கு அடியில், காற்றுப் படாமல் இருக்கும் வரை அதனால் தொல்லை இல்லை. தோண்டி வெளியே கொட்டியதும் காற்றும் நீரும் அதைத் தொடுகின்றன. சல்பைட்டு ஒட்சியேறிக் கந்தக அமிலமாகவும் கரையும் இரும்பாகவும் மாறுகிறது. நீரின் பீஎச் 4.5 அளவுக்குக் கீழே இறங்கியதும் ஒருவகை பக்டீரியா இந்த வேலையைக் கையில் எடுத்துப் பல மடங்கு வேகப்படுத்துகிறது. அமெரிக்காவின் மேற்கு வேர்ஜீனியா நிலக்கரிச் சுரங்க நீரில் இதைக் கண்டு கோல்மர், ஹிங்கிள் என்னும் இரு ஆய்வாளர் 1947 இல் எழுதினார்கள். அமிலம் ஊறிய நீர் போகும் வழியிலுள்ள பாறையிலிருந்து அலுமினியம், மங்கனீசு போன்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு போகும். வாய்க்காலில் கல்லின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் சேறு படிந்திருந்தால் இந்த வேலை நடக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

கழிவு எவ்வளவு அமிலம் தரும் என்பதைக் கணக்கிட எளிய வழி உண்டு. கழிவில் சல்பைட்டாக இருக்கும் கந்தகத்தின் வீதத்தை 31.25 ஆல் பெருக்குங்கள். வரும் எண், ஒரு தொன் கழிவின் அமிலத்தை நடுநிலையாக்கத் தேவையான சுண்ணக்கல்லின் கிலோகிராம் அளவு. கந்தகம் 2 வீதம் என்றால் தொன்னுக்கு 62.5 கிலோகிராம். அதே கழிவில் இயற்கையாக இருக்கும் சுண்ணத்தையும் ஆய்வுகூடத்தில் அளந்து ஒப்பிடுவார்கள். இருக்கும் சுண்ணம், வரக்கூடிய அமிலத்தைவிடக் குறைவாக இருந்தால் கழிவு புளிக்கும் என்று கொள்ளுங்கள். இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக இருந்தால் பயம் குறைவு. இடைப்பட்டதை நீண்டகாலச் சோதனை இல்லாமல் நம்பக்கூடாது.

நிலக்கரிச் சாம்பல் வேறு சாதி. பெரும்பாலும் அது காரமானது. அதில் ஆர்செனிக், போரோன் போன்றவை கரைந்து வரும், கச்சானில் தூளாகப் பறக்கும். ஆகவே சாம்பல் மேட்டுக்கு மூடுபடை போடுவது தூசியை அடக்கவும் நீர் ஊறுவதைக் குறைக்கவும். ஒட்சிசனைத் தடுப்பது அங்கே முக்கியமல்ல. எந்தக் கழிவு என்று தெரியாமல் மூடுபடையை வடிவமைக்கக் கூடாது என்பதற்கு இந்த வேறுபாடே போதும்.

மூடாமல் விட்ட இடங்கள் சொல்லும் பாடம்

இந்தியாவின் மேகாலயாவில் ஜயந்தியா மலைகளில் எலிவளை போன்ற குழிகள் வழியாகப் பல காலம் நிலக்கரி எடுத்தார்கள். கந்தகம் மிகுந்த நிலக்கரி அது. எடுத்ததும் வழியோரத்தில் குவித்தார்கள். மழை கழுவிக்கொண்டு ஆற்றில் சேர்த்தது. லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீல நிறமாக மாறுவதை அங்குள்ளவர்கள் ஆண்டுதோறும் பார்த்தார்கள். கோப்பிலி நீர்மின் நிலையத்தின் இயந்திரங்களை அமில நீர் அரித்தது. 2014 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் அந்தவகைச் சுரங்கத்துக்குத் தடை விதித்தது. தடைக்குப் பிறகும் பழைய குவியல்களும் குழிகளும் அமிலம் தந்துகொண்டே இருக்கும். தோண்டுவதை நிறுத்தினாலும் பைரைட்டின் வேலை நிற்காது.

ஜார்க்கண்டின் ஜரியாவில் நிலக்கரிப் படைக்குள் தீ எரிவது 1916 முதல் தெரியும். காற்று உள்ளே போகாமல் மேற்பரப்பை மண்ணால் மூடிப் போர்த்துவது அங்கே கையாளும் முறைகளில் ஒன்று. நிலக்கரித் தூள் கலந்த கழிவும் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. மூடுபடை அதற்கும் தடுப்பு.

தமிழருக்கு நெருங்கிய இடம் நெய்வேலி. 1956 இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனம் திறந்தவெளிச் சுரங்கத்தில் வேலை செய்கிறது. ஒரு தொன் பழுப்பு நிலக்கரியை அடைய ஐந்து கனமீற்றருக்கும் கூடுதலான மண்ணையும் மணற்கல்லையும் களியையும் அகற்ற வேண்டும். ஆழத்தில் இருந்தது மேலே வருகிறது, மேலே இருந்த விளைமண் கீழே புதைகிறது. அப்படிப் புரண்ட மண்ணில் சத்தும் இல்லை, உயிரும் இல்லை. அதைப் பயிருக்கும் மரத்துக்கும் ஏற்றதாக மாற்றும் முயற்சிகள் அங்கே பல ஆண்டுகளாக நடக்கின்றன. மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்தால் பிற்பாடு படும் பாட்டில் பாதி குறையும் என்பதை நெய்வேலியின் மேடுகளைப் பார்க்கும் எவரும் உணரலாம்.

மூடுபடை செய்ய வேண்டிய வேலைகள்

முதலாவது, மழைநீர் கழிவுக்குள் இறங்குவதைக் குறைத்தல். நன்றாக இறுக்கிய களியில் நீர் நொடிக்கு ஒரு மீற்றரின் நூறு கோடியில் ஒரு பங்கு வேகத்தில்தான் இறங்கும். ஆண்டுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 31 மில்லிமீற்றர், அதாவது எமது மழையில் 2 வீதம். ஒரு வெடிப்பு விழுந்தால் இந்தக் கணக்கு அத்தனையும் பொய்யாகிவிடும்.

இரண்டாவது, ஒட்சிசனைத் தடுத்தல். நீருக்குள் ஒட்சிசன் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. களியின் துளைகளில் 85 வீதத்துக்கு மேல் நீர் நிரம்பியிருந்தால் அந்தப் படை காற்றுக்குக் கதவடைத்ததற்குச் சமம். ஈரமாக இருக்கும் களியே காவல். காய்ந்த களி எவ்வளவு கனமாக இருந்தாலும் பயன் இல்லை.

மூன்றாவது, மேற்பரப்பைக் காத்தல். கழிவு மழையில் கரைந்து வாய்க்காலுக்கும் களப்புக்கும் ஓடாமல், கச்சானில் பறந்து வீட்டுக்குள் வராமல், வேர் ஊன்ற இடம் கொடுக்க வேண்டும்.

எங்கள் மழைக்குப் பொருந்தும் வகை

மூடுபடையில் இரண்டு பெரிய வகை உண்டு. ஒன்று, கனமான மண்ணில் மழைநீரைச் சேர்த்து வைத்து, வெயிலும் செடியும் அதை மீண்டும் வானத்துக்கு அனுப்ப விடுவது. சிறுசிறு மழை ஆண்டு முழுக்கப் பரவிப் பெய்யும் வறண்ட நாடுகளில் இது நன்றாக வேலை செய்யும். எமக்கு இது மட்டும் போதாது. ஒரு மீற்றர் கனமான நல்ல இருவாட்டி மண் செடிக்காகப் பிடித்து வைக்கும் நீர் ஏறத்தாழ 100 முதல் 150 மில்லிமீற்றர். மணல் கூடிய மண்ணில் அதிலும் குறைவு. கார்த்திகையில் விடாது பெய்யும் ஒரு கிழமை மழையே அதை நிரப்பிவிடும். மிச்ச மாரி முழுவதும் கீழே இறங்கும்.

இரண்டாவது, இறுக்கிய களியால் தடுப்பது. மாரிக்கு இது வேண்டும். ஆனால் களி மேலே திறந்து கிடந்தால் கச்சானில் வெடிக்கும். அடுத்த மாரியின் முதல் மழை அந்த வெடிப்பு வழியாகவே போகும். ஆகவே களியை அடியில் வைத்து, அது காயாதபடி மேலே கனமான காப்பு மண்ணைப் போடும் கலப்பு முறையே இந்தக் கரைக்குப் பொருந்தும்.

அவுஸ்திரேலியாவின் வடபுலத்தில் உள்ள ரம் ஜங்கிள் இதற்குக் கண்முன் இருக்கும் சாட்சி. அது யுரேனியமும் செம்பும் எடுத்த சுரங்கம்; நிலக்கரி அல்ல. ஆனால் கழிவில் இருந்தது அதே பைரைட்டு. மழையும் எங்களுடையதைப் போல ஏறத்தாழ 1,500 மில்லிமீற்றர், அதுவும் ஒரே பருவத்தில். 1980களில் அங்குள்ள கழிவு மேடுகளை மூன்று படையால் மூடினார்கள்: அடியில் 225 மில்லிமீற்றர் இறுக்கிய களி, அதன் மேல் 250 மில்லிமீற்றர் மணற்பாங்கான களிமண், உச்சியில் 150 மில்லிமீற்றர் கிரவல். மூடுவதற்கு முன் மழையில் பாதிக்கு மேல் மேட்டுக்குள் இறங்கியது. மூடியதும் அது 5 வீதத்துக்கும் கீழே வந்தது, எல்லோரும் மகிழ்ந்தார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கசிவு மறுபடி ஏறியது. கோடையில் களி காய்ந்து வெடித்திருந்தது. வேர்களும் கறையான்களும் அதைத் துளைத்திருந்தன. களியைக் காக்க மேலே இருந்தது அரை மீற்றர்கூட இல்லை.

நிலக்கரிக் கழிவுக்கென்று சட்டத்தில் எழுதிய அளவும் இருக்கிறது. 1977 இல் அமெரிக்கா இயற்றிய மேற்பரப்புச் சுரங்கச் சட்டத்தின் கீழான விதிகள், நிலக்கரிக் கழிவு மேட்டை நஞ்சில்லாத, எரியாத மண்ணால் குறைந்தது நாலு அடி கனத்துக்கு மூடச் சொல்கின்றன. நாலு அடி என்பது 1.2 மீற்றர். எமது நீண்ட கோடையை நினைத்தால், களியோடு சேர்த்து இரண்டு மீற்றர் அளவுக்குத் திட்டமிடுவதே நல்லது.

படை படையாக அமைக்கும் முறை

குளக்கட்டுக் கட்டிப் பழகிய மாவட்டம் இது. கட்டின் நடுவில் களியை ஈரம் பார்த்து மிதித்து இறுக்குவதும், கட்டில் மரம் வளர விடாததும், எலிவளையை உடனே அடைப்பதும் எங்கள் கமக்காரருக்குத் தெரிந்த வேலைகள். மூடுபடையையும் படுக்கவைத்த குளக்கட்டு என்று எண்ணி வேலை செய்யுங்கள்.

1. இடம் பார்த்தல். ஊற்று, சதுப்பு, மாரியில் நீர் ஓடும் தாழ்வு ஆகியவற்றின் மேல் கழிவைக் குவிக்கவே கூடாது. வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தில் ஊற்றின் மேல் குவித்த நிலக்கரிக் கழிவு மேடு 1966 ஒக்டோபர் 21 இல் சரிந்து பாடசாலையை மூடியது. இறந்த 144 பேரில் 116 பேர் பிள்ளைகள். அடி சரியில்லாத மேட்டை எந்த மூடுபடையும் காப்பாற்றாது. மணற்பாங்கான கரையோரத்தில் அடியிலும் களிப்படை இல்லாமல் கழிவு வைக்க அனுமதிக்கக் கூடாது.

2. மேல்மண்ணை எடுத்து வைத்தல். தோண்டத் தொடங்கும்போதே மேலுள்ள 15 முதல் 30 சென்ரிமீற்றர் மண்ணைத் தனியாக ஒதுக்குங்கள். இரண்டு மீற்றருக்கு மேல் உயரமாகக் குவித்தால் உள்ளே காற்றோட்டம் இல்லாமல் மண்ணின் உயிர்கள் சாகும். குவியலின் மேல் கொழுஞ்சியோ சணலோ விதைத்து வையுங்கள்.

3. கழிவைப் பிரித்து வைத்தல். கந்தகம் கூடிய கழிவை மேட்டின் நடுவில், நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலே வைத்துச் சுற்றிலும் தீங்கற்றதை வையுங்கள். ஒவ்வொரு படையையும் இறுக்கிக்கொண்டே ஏறுங்கள். லொறியிலிருந்து உயரத்தில் நின்று கொட்டினால் பெரிய கற்கள் அடிக்கு உருண்டு காற்று நுழையப் பாதை அமைத்துவிடும்.

4. சுண்ணம் கலத்தல். மூடுவதற்கு முன் மேல் 30 சென்ரிமீற்றர் கழிவில், மேலே சொன்ன கணக்கின்படி, விவசாயச் சுண்ணத்தையோ டொலமைட்டுத் தூளையோ கலக்குங்கள். கட்டியாகப் போட்டால் அதன் மேல் இரும்பு படிந்து செயலிழக்கும், தூளே வேண்டும். முருகைக்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணம் மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். முருகைக்கல்லை உடைப்பது சட்டவிரோதம். கடல் அரிப்பைக் கூட்டுவதும் அதுதான்.

5. சாய்வு அமைத்தல். பக்கங்கள் மூன்றுக்கு ஒன்று அல்லது அதைவிடச் சரிவு குறைந்ததாக இருக்கட்டும். உச்சிக்கு 3 முதல் 5 வீதச் சாய்வு கொடுங்கள். மேடு பின்னாளில் அமரும். முழுத் தட்டையாக விட்டால் அமர்ந்த இடத்தில் மாரிநீர் குட்டையாக நிற்கும்.

6. களிப்படை. 45 முதல் 60 சென்ரிமீற்றர். 20 சென்ரிமீற்றர் தளர்வாகப் பரப்பி 15 ஆக இறுக்கும்வரை உருட்டுங்கள். பற்கள் உள்ள ரோலர் நல்லது. ஈரத்தைக் கையாலே பார்க்கலாம். ஒரு பிடியை உருட்டி விரல் கனத்துக்குக் கயிறாக்குங்கள். உடனே உதிர்ந்தால் ஈரம் போதாது. கையில் பசையாக ஒட்டினால் மிஞ்சிவிட்டது. கயிறு நின்று, மெல்லிய கயிறாக உருட்டும்போது நுனியில் மட்டும் வெடித்தால் சரி. இறுக்கத்தை ஆய்வுகூட முறையில், ப்ரொக்டர் சோதனை காட்டும் உச்ச அடர்த்தியின் 95 வீதத்துக்குக் குறையாமல் உறுதிசெய்யச் சொல்லுங்கள். முடித்த படையை ஒரு நாள்கூட வெயிலில் விட வேண்டாம். மறுநாள் வேலை தொடர முடியாதென்றால் பொலித்தீனால் மூடுங்கள். அடுத்த படை போடுமுன் மேற்பரப்பைக் கீறி விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவே நீர் வழி தேடும்.

7. வடிபடை. களிக்கு மேல் 30 சென்ரிமீற்றர் பருமணல் அல்லது கழுவிய கிரவல். மேலிருந்து இறங்கும் மாரிநீரை இது பக்கவாட்டில் வடித்து ஓரத்துக் கானுக்கு அனுப்பும். கோடையில், பருமணலின் பெரிய துளைகள் வழியாகக் களியின் ஈரம் மேலே ஏற முடியாது. களி நனைந்தே இருக்கும். மாரிக்கும் கோடைக்கும் ஒரே படை இரண்டு வேலை செய்கிறது.

8. காப்பு மண். ஒரு மீற்றர், அதற்கு மேல் ஒதுக்கி வைத்த மேல்மண் 15 முதல் 20 சென்ரிமீற்றர். காப்பு மண்ணை இறுக்க வேண்டாம். தூர்வாரிய குளத்து வண்டல் கிடைத்தால் இதற்கு மிக நல்லது. விளைநிலத்தைத் தோண்டி இன்னொரு குழி உண்டாக்குவதைத் தவிர்க்கலாம்.

9. பச்சை போர்த்தல். மாரியின் முதல் மழைக்கு முன் விதை மண்ணில் இருக்க வேண்டும். கொழுஞ்சி, சணல், உள்ளூர்ப் புல் வகைகள் முதலில். சரிவுகளில் குறுக்கு வரிசையாக வெட்டிவேர். ஆழ வேரோடும் வேம்பு, ஆல், அரசு போன்றவை மூடுபடைக்கு வெளியே மட்டும்.

10. கான். உச்சியிலிருந்தும் பக்கங்களிலிருந்தும் ஓடும் நீருக்குக் கல் பதித்த கான். ஓடும் சுத்த நீரும் மேட்டின் அடியில் கசியும் நீரும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. கசிவைத் தனிக் குட்டையில் பிடித்துச் சோதித்த பிறகே வெளியே விட வேண்டும்.

எவ்வளவு மண் வேண்டும் என்பதைச் சொன்னால்தான் வேலையின் பாரம் விளங்கும். ஒரு ஹெக்டேயரில் இரண்டு மீற்றர் என்றால் 20,000 கனமீற்றர். ஒரு கியூப் 2.83 கனமீற்றர்; ஏறத்தாழ 7,070 கியூப். மூன்று கியூப் ஏற்றும் ரிப்பரில் 2,350 தடவைக்கு மேல். இறுக்கும்போது சுருங்குவதையும் சேர்த்தால் இன்னும் கூடும். இந்தச் செலவைச் சுரங்கமோ மின்நிலையமோ தொடங்கும் நாளிலேயே உரிமையாளரிடமிருந்து வைப்பாக வாங்காவிட்டால், முடியும் நாளில் எவரும் தர மாட்டார்.

பரல் சோதனை

படிப்பதைவிடக் கண்ணால் காண்பது நம்பிக்கை தரும். எந்தப் பாடசாலையும், எந்தக் கிராம அபிவிருத்திச் சங்கமும் செய்யக்கூடிய சோதனை இது. கழிவு எதுவும் தேவையில்லை.

200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் மூன்று எடுங்கள். அடியில் துளையிட்டுக் குழாயும் திருகியும் பொருத்துங்கள். ஒவ்வொன்றிலும் அடியில் 10 சென்ரிமீற்றர் கிரவல், அதன் மேல் 15 சென்ரிமீற்றர் கடற்கரை மணல். இந்த மணல்தான் கழிவின் இடத்தில் இருக்கிறது.

முதல் பரலில் 50 சென்ரிமீற்றர் மண்ணை அப்படியே தளர்வாகக் கொட்டுங்கள். இரண்டாவதில் 20 சென்ரிமீற்றர் களியை ஐந்து ஐந்து சென்ரிமீற்றராகப் போட்டு, உலக்கையால் இடித்து இறுக்கி, வேறெதுவும் போடாமல் விடுங்கள். மூன்றாவதில் அதே 20 சென்ரிமீற்றர் களி, அதன் மேல் 10 சென்ரிமீற்றர் பருமணல், அதன் மேல் 20 சென்ரிமீற்றர் மண்ணும் புல்லும். களி பரலின் சுவரோடு சேரும் ஓரத்தைக் குழைத்த களியால் நன்றாக அழுத்தி அடையுங்கள். இல்லாவிட்டால் நீர் சுவரோரமாக இறங்கி எல்லாவற்றையும் கெடுக்கும். மண்ணின் மேல்மட்டத்தில் வழிந்தோட ஒரு வெட்டும், மூன்றாவது பரலில் பருமணலின் அடிமட்டத்தில் வலை கட்டிய ஒரு துளையும் வையுங்கள்.

ஆனி மாதத்தில் பரல்களை வெளியில் வைத்துக் கச்சான் முழுவதையும் பட விடுங்கள். மாரி தொடங்கியதும் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அடியில் வடிந்ததை அளந்து எழுதுங்கள். பரலின் வாய்ப் பரப்பு ஏறத்தாழ கால் சதுர மீற்றர். 100 மில்லிமீற்றர் மழைக்கு 25 லீற்றர் உள்ளே விழும். அடியில் எத்தனை லீற்றர் வந்தது என்பதை இதோடு ஒப்பிட்டால் வீதம் கிடைத்துவிடும். முதல் மழையில் இரண்டாவது பரல் எப்படி நடந்துகொள்கிறது என்பதைக் குறிப்பாகக் கவனியுங்கள். களி வெடிப்பு என்றால் என்ன என்று ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைகளுக்கு விளங்கிவிடும்.

பராமரிப்பும் கண்காணிப்பும்

மாரிக்கு முன் ஒருமுறை, மாரி முடிந்ததும் ஒருமுறை மூடுபடை முழுவதையும் நடந்து பாருங்கள். நீர் தேங்கிய பள்ளம், மழை அறுத்த வாய்க்கால், கறையான் புற்று, உடும்பும் எலியும் தோண்டிய வளை, முளைத்த மரக்கன்று, புல் செத்த வெற்றிடம் ஆகிய ஆறையும் தேடுங்கள். புல் செத்த இடத்தின் மண்ணைப் பீஎச் தாளால் சோதியுங்கள். அமிலம் மேலே ஏறியிருக்கலாம். மாட்டை மேய விடாதீர்கள். மழையில் ஊறிய சரிவை மாட்டின் குளம்பு பிளந்துவிடும்.

நீரைப் பார்க்கக் குறைந்தது மூன்று கிணறு வேண்டும்: நிலத்தடி நீர் வரும் பக்கத்தில் ஒன்று, போகும் பக்கத்தில் இரண்டு. மாதம் ஒருமுறை பீஎச், மின்கடத்துதிறன், சல்பேற்று, குளோரைட்டு நான்கையும் அளக்க வேண்டும். குளோரைட்டை விடக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. எமது கரையோரக் கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். அப்போது சல்பேற்றும் கூடவே ஏறும். கடல்நீரில் சல்பேற்றின் எடை குளோரைட்டின் எடையில் ஏறத்தாழ 0.14 பங்கு. கிணற்றில் அந்தப் பங்கை விட மிகக் கூடுதலாகச் சல்பேற்று இருந்தால் அது கடலிலிருந்து வந்ததல்ல. கடல் உவர்தான் என்று எவராவது சாக்குச் சொன்னால் இந்த ஒரு கணக்கை முன்னே வையுங்கள்.

இந்தக் கண்காணிப்பு ஐந்து ஆண்டில் முடிகிற வேலையும் அல்ல. ரம் ஜங்கிளில் மூடுபடையின் குறை தெரியப் பத்து ஆண்டுக்கு மேல் ஆனது. பொறுப்பைக் குறைந்த கால ஒப்பந்தத்தில் முடித்துக்கொள்ள எந்த உரிமையாளரையும் விடக் கூடாது.

கேட்க உரிமை உள்ளவை

மூடுபடை கசிவைக் குறைக்கும், முழுதாக நிறுத்தாது. ஏற்கனவே புளித்துப்போன மேட்டுக்குள் சேர்ந்திருக்கும் அமிலம் மூடிய பிறகும் பல ஆண்டு வடியும். அந்த நீரைச் சுத்திகரிக்கும் செலவையும் திட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ், பெரிய திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 வேலை நாட்களுக்குப் பொதுமக்களின் கருத்துக்காகத் திறந்து வைக்கப்பட வேண்டும். அந்த அறிக்கையில் கழிவு மேட்டைப் பற்றிய பக்கங்களைத் தேடிப் பிடித்து இவற்றைக் கேளுங்கள்: கழிவின் கந்தகம் எத்தனை வீதம்? களி எங்கிருந்து வரும்? மூடுபடையின் மொத்தக் கனம் என்ன? வடிபடை உண்டா? கோடையில் களி காயாது என்பதற்கு எந்தக் கணக்கைக் காட்டுகிறார்கள்? செலவுக்கான பணம் எங்கே வைப்பிலிடப்பட்டுள்ளது? எத்தனை ஆண்டுக்குக் கண்காணிப்பு? பதில் இல்லாத கேள்வியை எழுத்தில் அனுப்புங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையின் நீர்ச் சோதனை முடிவுகளை 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அரச நிறுவனங்களிடம் கேட்டுப் பெறலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன், இந்த ஆண்டே செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிறது. உங்கள் தெருவில் நாலு கிணற்றைத் தெரிந்து, மாரிக்கு முன்னும் பின்னும் நீரை அளந்து, திகதியோடு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்தக் கழிவும் வருவதற்கு முன் நீர் எப்படி இருந்தது என்று காட்டும் சான்று கையில் இல்லாததால் தோற்ற ஊர்கள் உலகம் எங்கும் உண்டு. இறக்கக்கண்டி அந்த வரிசையில் சேர வேண்டியதில்லை.